பயணப் பையில் ஒரு வண்ணப்பெட்டி
வாசகர் கேள்வி – பதில்

பயணத்தின்போது நீர்வண்ணத்தில் நாட்குறிப்பு எழுதுவது பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் பதில் அளித்திருக்கிறேன். நான் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே சில இடங்களில் வகுப்பறைக் கண்டிப்பு எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

ஐயா, வணக்கம். சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றேன். அடுத்த மாதம் கணவருடன் காரைக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் செல்கிறேன். போகும் வழியெல்லாம் நீர்வண்ணத்தில் வரைந்து ஒரு நாட்குறிப்பை நிரப்ப வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கடையில் கேட்டபோது அவர்கள் எழுதிக் கொடுத்த பட்டியல் ஏழாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. இவ்வளவும் தேவையா?
– ஒரு வாசகி, ஈரோடு

தேவையே இல்லை, அம்மா. நீங்கள் இணைத்து அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். இருபத்து நான்கு வண்ணங்கள், ஒன்பது தூரிகைகள், மடக்கு மேசை, தோள்பை. இவற்றைக் காவல் காத்துக்கொண்டு இராமேஸ்வரத்தின் 22 தீர்த்தங்களிலும் நீராட முடியாது. என் கணக்கு எளிமையானது: எல்லாமாகச் சேர்ந்து ஒரு டிபன் பாக்ஸுக்குள் அடங்க வேண்டும், அடங்காதது வீட்டிலேயே இருக்கட்டும்.

வண்ணங்கள் ஆறு போதும். எலுமிச்சை மஞ்சள், காவி கலந்த மஞ்சளான யெல்லோ ஓக்கர், செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா, ஒரு ரோஜாச் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம் என்பவை அந்த ஆறு. காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்களில் வெயில் படும் இடத்துக்கு ஓக்கரை நிறைய நீர் விட்டுக் கரைத்தால் போதும். ஓட்டுக் கூரைக்குப் பர்ன்ட் சியன்னாவே பாதி வேலையைச் செய்துவிடும். இராமேஸ்வரத்துக் கடல் ஆழமில்லாத இடங்களில் காட்டும் பசுநீலத்துக்குத் தாலோவில் துளி மஞ்சள் சேர்க்க வேண்டும். தாலோவையும் துளிதான் எடுக்க வேண்டும், அரிசி அளவு எடுத்தாலும் தட்டு முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். சிவப்பு வாங்கும்போது அலிசரின் கிரிம்சனைத் தவிர்த்து, குவினாக்ரிடோன் ரோஸ் என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள். முன்னது வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். மூடிய புத்தகத்துக்குள் வெளிச்சம் ஏது என்று கேட்கலாம். பேரப்பிள்ளைகள் ஒரு பக்கத்தைக் கிழித்துச் சட்டம் போட்டு மாட்டினால் என்ன செய்வீர்கள்?

கறுப்பும் வெள்ளையும் வாங்க வேண்டாம். வெள்ளை தாளிலேயே இருக்கிறது, அதை விட்டுவைப்பதுதான் நீர்வண்ணத்தில் முதல் பாடம். கறுப்புக்கு அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் சேர்த்துப் பாருங்கள். நீலம் தூக்கலாக இருந்தால் மழைமேகச் சாம்பல், பழுப்பு தூக்கலாக இருந்தால் பழைய மரக்கதவின் நிறம், இரண்டும் சரிபாதியாகக் கெட்டியாகச் சேர்ந்தால் கறுப்பைக் காட்டிலும் உயிருள்ள ஒரு கருமை. என் புத்தகங்களில் பாதிக்கு மேற்பட்ட பக்கங்கள் இந்த இரண்டு வண்ணங்களால் ஆனவை.

இந்த ஆறையும் 5 மில்லி டியூப்புகளாக வாங்கி, மூடியுள்ள ஒரு சிறிய தகர டப்பாவில் காலி வில்லைக் கிண்ணங்களை ஒட்டி, அவற்றில் பிதுக்கி இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். நீர்வண்ணம் என்பது நிறமியைப் பிசினில் குழைத்தது. அந்தப் பிசின் நம் கருவேல மரத்துக்கு உறவான மரங்களிலிருந்து கிடைப்பதுதான். அது எத்தனை முறை காய்ந்தாலும் ஈரத் தூரிகை பட்டதும் மறுபடி கரையும் என்பதால்தான் இந்த வண்ணம் பயணத்துக்கு ஏற்றதாயிற்று. தூரிகையில் கூரிய முனையுள்ள வட்டத் தூரிகை 8-ஆம் எண் ஒன்று போதும். நுனியால் கோடும் வயிற்றால் வானமும் அது எழுதும். அத்துடன் ஒரு பென்சில், நீர் பட்டாலும் கலையாத மைப் பேனா ஒன்று, மூடி போட்ட மாத்திரை டப்பாவில் தண்ணீர், பழைய வேட்டித் துணி ஒரு சாண். எது குறைந்தாலும் அந்தத் துணி மட்டும் குறையக் கூடாது.

மிச்சமாகும் பணத்தைத் தாளில் போடுங்கள். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

*

எங்கள் ஊர்க் கடையில் வாங்கிய நோட்டில் வண்ணம் பூசினால் தாள் அப்பளம்போல் நெளிகிறது. வானத்தின் நடுவே காலிஃபிளவர் மாதிரி கறைகளும் பூக்கின்றன. என் கையில் குறையா, தாளில் குறையா?
– ஒரு கல்லூரி மாணவர், கும்பகோணம்

முக்கால் பங்கு தாளில். கால் பங்கு உங்கள் பொறுமையில்.

தாளின் கனத்தைச் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். பென்சிலுக்கான நோட்டுகள் 100 முதல் 150 கிராம் வரை இருக்கும். அவை ஈரத்தைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. நீர்வண்ணத்துக்கு 300 கிராம் என்பதே நம்பத்தகுந்த கனம். கனமான தாள்களில் பக்கங்கள் குறைவு என்று வருந்துபவர்கள் 200 கிராமில் தொடங்கி, தாளின் நான்கு ஓரங்களையும் கிளிப்பால் கவ்வவைத்து எழுதலாம். ஓரளவு நெளியத்தான் செய்யும், காய்ந்த பின்பு புத்தகத்தை மூடிக் கனமான அகராதியின் கீழ் ஒரு நாள் வைத்தால் அடங்கிவிடும்.

கனத்தைவிட முக்கியமானது, தாள் எதனால் ஆனது, அதற்குக் கஞ்சி போட்டிருக்கிறார்களா என்பது. மரக்கூழ்த் தாளில் வண்ணம் மேலேயே நின்று சீக்கிரம் காயும். பருத்தித் தாளில் ஈரம் உள்ளே இறங்கி நிதானமாகக் காயும், அதனால் ஒரு வண்ணத்தை இன்னொன்றோடு கலந்துவிட அவகாசம் கிடைக்கும். பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுவதுபோல் தாளுக்கும் ஜெலட்டின் போன்ற பசையைப் போடுவார்கள். அது இல்லாவிட்டால் மையொற்றுத் தாள்போல உறிஞ்சிவிடும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலை உட்பட நம் பக்கத்தில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து அருமையான தாள்கள் செய்கிறார்கள்; ஆனால் கைத்தாள் எல்லாமே நீர்வண்ணத்துக்கு ஆகாது, வாழ்த்து அட்டைக்கென்று செய்ததும் உண்டு. கடையில் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்தாக நின்று மெல்ல இறங்கினால் வாங்கலாம். விழுந்ததும் விரிந்து மறைந்தால் வைத்துவிடலாம்.

இனி அந்தக் காலிஃபிளவர். பாதி காய்ந்த வண்ணத்தின் மேல் அதைவிட ஈரமான தூரிகையை வைத்தால், புதிய நீர் பழைய நிறமியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பூப்பூவாக நிறுத்திவிடும். தாளைச் சாய்த்துப் பாருங்கள்: மேற்பரப்பு பளபளத்தால் இன்னும் தொடலாம், பளபளப்பு மங்கத் தொடங்கிவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். பள்ளியில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் ‘தொடாதே’ என்பதாகத்தான் இருக்கும்.

*

வயலை வரைந்தால் என் பச்சை எப்போதும் பிளாஸ்டிக் வாளியின் பச்சையாகவே வருகிறது. டெல்டாவில் பிறந்தவனுக்கே பச்சை வரவில்லை என்றால் எப்படி?
– ஒரு வாசகர், மன்னார்குடி

உங்கள் கேள்வியைப் படித்துச் சிரித்தேன். பிறகு என் முதல் இரண்டு புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன், அவற்றிலும் அதே வாளிதான்.

பெட்டியில் ஆயத்தமாக வரும் பச்சையை அப்படியே பூசுவதுதான் முதற்காரணம். அந்தப் பச்சையைத் தூக்கி வீட்டில் வைத்துவிட்டு மஞ்சளும் நீலமும் கலந்து நீங்களே செய்துகொள்ளுங்கள். இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது: ‘வயல் பச்சை’ என்று மனத்தில் ஒரு சொல் இருக்கிறது, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கை அந்தச் சொல்லைப் பூசிவிடுகிறது. உங்கள் ஊரில் ஒரே வரப்பில் நின்று கொண்டு எத்தனை பச்சைகளை எண்ண முடியும் என்று பாருங்கள். நாற்றங்கால் பச்சையே அல்ல, அது மஞ்சள்; எலுமிச்சை மஞ்சளில் நீலத்தைத் தூரிகை நுனியால் காட்டினால் போதும். நட்டுச் சில நாளான வயலில் பயிரைவிடத் தண்ணீர்தான் அதிகம் தெரியும். ஆகவே அங்கே முதலில் வானத்தைப் பூசிவிட்டு, அது காய்ந்த பின்பு அதன்மேல் பயிரைச் சிறு சிறு கோடுகளாக நட வேண்டும், நடவுப் பெண்கள் செய்வதைப் போலவே பின்னோக்கி நகர்ந்துகொண்டு. தூர் கட்டிய பயிர்தான் நீங்கள் நினைக்கும் பச்சை. அதில்கூட ஒரு துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தால்தான் அது மண்ணில் முளைத்ததாகத் தோன்றும். கதிர் வந்ததும் பச்சையின்மேல் ஓக்கர் படியத் தொடங்கும்.

வரப்பின் மரங்களைப் பாருங்கள். பனையோலை நீலம் கலந்த சாம்பற்பச்சை. தென்னங்கீற்று உச்சி வெயிலில் பளபளக்கும். அந்த இடத்தில் அது பச்சையே அல்ல, வானத்தின் வெண்மை, அங்கே தாளை வெறுமையாக விட வேண்டும். வாழையிலையை வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் ஒளி இலையை ஊடுருவி வரும், அதைப்போல மஞ்சளான பச்சை வேறு எதிலும் இல்லை. அதே இலையை வெயில் பக்கத்திலிருந்து பார்த்தால் குளிர்ந்த நீலப்பச்சை. வேப்பமரத்தின் கீழ்ப்பகுதிக்குள் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் தயங்காமல் போகலாம்.

அடுத்த பயணத்தில் படம் எதுவும் வரைய வேண்டாம். பேருந்து நிற்கும் இடங்களில் இறங்கி, பெருவிரல் நகத்தளவு கட்டங்களில் அங்கே கண்ட பச்சைகளை மட்டும் கலந்து பூசி, பக்கத்தில் ‘நாற்றங்கால், காலை 8’, ‘வாழை, எதிர்வெயில்’ என்று எழுதி வாருங்கள். அந்தப் பக்கம் பிற்பாடு நூறு படங்களுக்கு உதவும். தன்னளவிலும் அது அழகான பக்கமாகவே இருக்கும்.

*

திருவரங்கத்து இராஜகோபுரத்தை வரைய உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் முதல் நிலையின் பொம்மைகளைத்தான் முடித்திருந்தேன். சுற்றிக் கூட்டம் வேறு சேர்ந்துவிட்டது. கூச்சத்தில் எழுந்து வந்துவிட்டேன்.
– ஒரு வாசகி, மதுரை

திருவரங்கத்து இராஜகோபுரம் 236 அடி உயரம், 13 நிலைகள். அதைக் கட்டி முடிக்க 1987 வரை ஆயிற்று. ஒரு மாலையில் அதைத் தாளில் கட்டிவிட முடியும் என்று நீங்கள் எதிர்பார்த்ததை நான் பாராட்டத்தான் வேண்டும்.

பொம்மைகளை மறந்துவிடுங்கள். முதலில் கோபுரத்தின் வெளிக்கோடு: அது நேர்க்கோடாகச் சாய்வதில்லை, உள்நோக்கி மெல்ல வளைந்து ஏறுகிறது, அந்த வளைவு தவறினால் எத்தனை பொம்மை போட்டாலும் அது கோபுரமாகாது. அடுத்து நிலைகளின் எண்ணிக்கை. மேலே போகப் போக ஒவ்வொன்றும் உயரம் குறைவதைக் கவனியுங்கள். மூன்றாவது, வெயில் எந்தப் பக்கம் என்பது. காலை எட்டு மணிக்குக் கிழக்குக் கோபுரத்தின் முகம் முழுவதும் வெளிச்சமாகவும் பக்கவாட்டு நிழலாகவும் இருக்கும். அந்த நிழற்பக்கத்தை ஒரே பூச்சாக, நீலம் தூக்கலான சாம்பலில் பூசிவிட்டால் கோபுரம் தாளிலிருந்து எழுந்து நிற்கும். அதன் பிறகு உங்கள் கண் போய் நிற்கும் ஓர் இடத்தில் மட்டும், ஒரு துவாரபாலகரையும் அவர் அருகில் சிறு கூட்டத்தையும் எழுதுங்கள். மற்றவை புள்ளிகளும் கீற்றுகளுமாக இருக்கட்டும். ஓரிடத்தில் விவரம் கண்டவர், மற்ற இடங்களிலும் அது இருப்பதாக எடுத்துக்கொள்வார். இருபது நிமிடம் போதும். வண்ணம் பூசிய கோபுரம் மலைக்கவைத்தால், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் தொடங்குங்கள். வெறும் கருங்கல், மாலை ஐந்து மணிக்குத் தேன் நிறம் ஏறும், மூன்று வண்ணங்களில் முடிந்துவிடும்.

கோயிலுக்குள் வரைவதற்கு முன்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சன்னிதிக்கு உள்ளே வரைய வேண்டாம். தமிழ்நாட்டுக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு, பிராகாரத் தூண் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள விரும்புபவருக்குப் பென்சிலின் மதிப்பு கூடியிருக்கிறது.

கூட்டத்துக்கு ஒரே வழி, சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவது. பின்னால் நின்று எட்டிப் பார்க்க இடமிராது, முன்னால் நிற்பவர் கோபுரத்தை மறைப்பதை மற்றவர்களே அதட்டி விலக்கிவிடுவார்கள். பிள்ளைகள் வந்தால் அவர்களிடம் நிலைகளை எண்ணச் சொல்லுங்கள். அவர்கள் எண்ணிக்கை எப்போதும் நம்முடையதைவிடச் சரியாக இருக்கும்.

*

விமானத்தில் இந்தச் சாமான்களைக் கைப்பையில் கொண்டுவரலாமா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

காய்ந்த வில்லைகளாகக் கொண்டுவந்தால் சிக்கல் இல்லை. டியூப்புகளைப் பன்னாட்டு விமானத்தில் கைப்பையில் வைப்பதானால், மற்றத் திரவங்களோடு சேர்த்து ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு உட்பட்டதாக ஒளிபுகும் பையில் வையுங்கள். ‘பெயின்ட்’ என்ற சொல்லைக் கேட்டதும் சோதனை அலுவலர்களுக்குத் தின்னரின் வாடை வரும். ‘நீரில் கரையும் பள்ளிக்கூட வண்ணம்’ என்று சொல்லுங்கள். பென்சில் சீவும் கத்தி பெரிய பெட்டிக்குள் போகட்டும். தண்ணீர் நிரப்பும் தூரிகை வைத்திருந்தால் வெறுமையாக்கிவிட்டு ஏறுங்கள். மேலே அழுத்தம் குறையும்போது அதிலுள்ள காற்று விரிந்து தண்ணீரைச் சட்டைப் பையில் தள்ளிவிடும்.

*

நீலகிரி மலை ரயிலில் குடும்பத்தோடு போகிறோம். ஓடும் ரயிலில் வரைய முடியுமா, அல்லது கைப்பேசியில் படம் எடுத்து வந்து வீட்டில் வரைவதே நல்லதா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இந்த உலகில் ஓடும் ரயிலில் வரைய முடியுமானால் அது அந்த ரயிலில்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். அதைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம். கல்லாற்றுக்கு மேல் பற்சக்கரத்தைத் தண்டவாளப் பற்களில் கொளுவி, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும் எஞ்சின், நடந்து செல்பவரைவிடச் சற்றே வேகமாகப் போகும். இருந்தாலும் வண்டி குலுங்கும். ஆகவே ஓடும்போது பென்சில், நிற்கும்போது வண்ணம்.

என் முறையைச் சொல்கிறேன். முந்தின இரவே ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக ஆறு பட்டைகளைக் கோடு போட்டு வைத்துக்கொள்வேன். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உதகை 2,200 மீட்டருக்கு மேல். பக்கத்தின் அடிப்பட்டை மேட்டுப்பாளையம், உச்சிப் பட்டை உதகை. ஒவ்வொரு பட்டையிலும் அந்த உயரத்தில் கண்ட நிறங்கள் மட்டும். கல்லாற்றில் பாக்குத் தோப்புகளின் கரும்பச்சை; எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நிற்கும் சில நிமிடங்களில் ஈரப் பாறையும் பாசியும்; குன்னூரில் தேயிலை; அதற்கு மேல் யூகலிப்டஸ் மரங்களின் நீலச் சாம்பல். மொத்தம் 16 குகைகள். குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுவதும் பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். அந்த இருட்டுக்கும் நான் ஒரு கீற்று வைப்பது வழக்கம். மேலே போகப் போகப் பனிமூட்டத்தில் வண்ணம் காயவே காயாது. ஈரப் பக்கத்தை மூடிவிட்டு உதகையில் திறந்தபோது, என் தேயிலைத் தோட்டம் எதிர்ப்பக்கத்து வானத்தில் ஒட்டியிருந்தது. கிளிப்பை மறந்தது என் தவறு.

கைப்பேசிப் படத்தைப் பற்றி என் கருத்துக் கொஞ்சம் கடுமையானது. படத்தைப் பார்த்து வீட்டில் வரைவது நல்ல பயிற்சி. ஆனால் அது நாட்குறிப்பு ஆகாது. கைப்பேசி நிழல்களைக் கறுப்பாக்கிவிடும், தூரத்து மலையைச் சிறிதாக்கிவிடும்; அதைவிட, நீங்கள் அங்கே எதைப் பார்த்து நின்றீர்கள் என்பதை அதனால் சொல்ல முடியாது. நேரமில்லை என்றால் நிறங்களைச் சொற்களாக எழுதிக்கொள்ளுங்கள். நகைச்சுவைக் கவிதைகளால் புகழ்பெற்ற ஆங்கிலேய ஓவியர் எட்வர்ட் லியர் அப்படித்தான் செய்தார். அவர் 1873 நவம்பரில் பம்பாயில் வந்து இறங்கியபோது வயது 61, உடல்நலமும் சரியில்லை. அடுத்த ஓராண்டில் இமயமலை முதல் தென்னாடு, இலங்கை வரை சுற்றி, பென்சிலால் விரைவாகக் கோடிழுத்து, அந்தக் கோடுகளுக்கு நடுவிலேயே இன்ன இடம் இன்ன நிறம் என்று எழுதி, நாளையும் குறித்து வைத்தார். மையும் வண்ணமும் பிற்பாடுதான். அப்படங்களில் அந்தச் சொற்கள் இன்றும் தெரிகின்றன, அவற்றை அவர் மறைக்கவில்லை. நாமும் ‘வாழைத்தண்டு வெள்ளை’, ‘பழைய செம்பு’, ‘கழுநீர் நிறம்’ என்று எழுதலாம். நிறத்துக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை.

*

யாழ்ப்பாணத்தில் மாரி காலத்தில் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடிக்கிறது. போன வருடம் நுவரெலியாவுக்குக் கொண்டுபோன வண்ணப்பெட்டியைத் திறந்தால் வில்லைகளின் மேல் வெள்ளைப் பஞ்சு. பழைய புத்தகங்களையும் பூச்சி அரிக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பெட்டியை ஈரத்தோடு மூடியதுதான் காரணம். பிசினும் ஈரமும் இருட்டும் சேர்ந்த இடத்தில் பூஞ்சணம் வராமல் இருந்தால்தான் வியப்பு. விடுதிக்குத் திரும்பியதும் வில்லைகளைத் துணியால் ஒற்றி, மூடியைத் திறந்தபடியே இரவு முழுவதும் மின்விசிறிக்குக் கீழ் வையுங்கள். பஞ்சு பிடித்த மேல்பகுதியைச் சுரண்டி எறிந்துவிட்டு, அடியிலுள்ளதை ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரால் துடைத்துக் காயவைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தூரிகையை ஈரத்தோடு குழாயில் அடைக்காதீர்கள்.

புத்தகத்தை அரிப்பது இராமபாணப் பூச்சியாக இருக்கும். தாளில் போட்ட கஞ்சியும் ஜெலட்டினும் அதற்கு விருந்து. பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பூட்டினால் உள்ளே ஈரம் தங்கும். பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு ஒன்றை உடன் வைத்து, மாதம் ஒருமுறை நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். ஓலைச்சுவடி வைத்திருந்த வீடுகளில் செய்ததுதான்.

ஈரம் பற்றிப் பேசும்போது என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தை வரையப் போயிருந்தேன். குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது, கடல்தான் இரண்டு பக்கமும் இருக்கிறதே என்று டப்பாவில் கடல்நீரை மொண்டுவந்து வரைந்தேன். காயும்போது உப்புப் பூத்து, பவழக்கற்சுவர்மேல் பொரிப் பொரியாக ஒரு வடிவம் வந்தது; நானே செய்ததுபோல் பெருமைப்பட்டுக்கொண்டேன். அன்று முதல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தப் பக்கம் மட்டும் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கிறது. எதிர்ப்பக்கத்திலும் கறை ஏறிவிட்டது. குடிதண்ணீர் இல்லாவிட்டால் டீக்கடையில் ஒரு டம்ளர் கேளுங்கள். யாரும் மறுத்ததில்லை.

*

பாலம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தபோது காவலர் ஒருவர் வந்து நிறுத்தச் சொன்னார். படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருந்தது. வரையக் கூடாது என்று இல்லையே?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

வாதம் நன்றாக இருக்கிறது, ஆனால் செல்லாது. 1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் கைப்பேசிக் கேமராவுக்கு மிக முந்தியது. தடை செய்யப்பட்ட இடங்களைப் பற்றிப் பேசும்போது அது ‘வரைந்த படம்’ என்பதையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நாட்டுக்கு ஊறு செய்யும் நோக்கம் உங்களுக்கு இல்லை என்பது உண்மைதான். அதை நடுவெயிலில் நின்று நிரூபிக்க வேண்டுமா? புத்தகத்தைக் காட்டி, வணக்கம் சொல்லி, நூறு அடி தள்ளிப்போய் ஆற்றை வரையுங்கள்.

*

முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயத்திலேயே அழகான புத்தகம் ஒன்று ஓராண்டாக அலமாரியில் கிடக்கிறது.
– ஒரு வாசகி, சென்னை

மூன்றாம் பக்கத்தில் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் ஆறு வண்ணங்களையும் பட்டையாகப் பூசிப் பெயர் எழுதுங்கள். அது அட்டவணை, அதைக் கெடுக்க யாராலும் முடியாது. கெட்டுப்போன பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம். தைத்த புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தால் தையலுக்கு மறுபுறமுள்ள அதன் இணைத்தாளும் தளர்ந்து வெளியே வரும்.

*

படத்தோடு எழுத்தும் வேண்டும் என்கிறீர்கள். என்னதான் எழுதுவது? ‘மிக அழகாக இருந்தது’ என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வருவதில்லை.
– ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

அழகாக இருந்ததைப் படம் சொல்லட்டும். படத்தால் சொல்ல முடியாததை நீங்கள் எழுதுங்கள். நேரம், எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தீர்கள், காற்று எங்கிருந்து வந்தது, காதில் விழுந்தது என்ன, டீ என்ன விலை. இவை அப்போது அற்பமாகத் தோன்றும். எழுத்தையும் அங்கேயே, வண்ணம் காயும் இடைவெளியில் எழுதுங்கள். இரவு விடுதியில் உட்கார்ந்து எழுதினால் எல்லாம் பொன்மயமாகிவிடும்.

இந்தப் பதிலை எழுதுவதற்காக என் தரங்கம்பாடிப் பக்கத்தை எடுத்து வைத்திருக்கிறேன். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையின் கடற்புறச் சுவர். ஓக்கரில் ரோஜாச் சிவப்புச் சேர்த்த பூச்சு, படம் சுமார்தான், வலப்பக்க மதில் கடலுக்குள் சரிவதுபோல் இருக்கிறது. ஓரத்தில் பேனாவில் எழுதியிருப்பது இது: ‘காலை 7.10. தெற்கு பார்த்து. அலைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. சுவர் நேற்று மாலை மஞ்சளாக இருந்தது, இப்போது இளஞ்சிவப்பு, எது உண்மை? வலை உலர்த்தும் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, “கடல் இன்னைக்கு அந்த நிறம் இல்லையே” என்றார். அவர் சொன்ன பிறகு பார்த்தேன். இல்லைதான்.’ அந்த வரிக்குக் கீழே கடலை அழித்துத் திருத்தாமல், தனியே ஒரு விரல் அகலத்துக்கு வேறொரு நீலம் பூசியிருக்கிறேன். அதில் சாம்பல் அதிகம்.